கேடயமும் கொடியும்: 1911 ஆம் ஆண்டுக் கல்கத்தா ஆட்டம் பற்றிய நினைவுகள்

1911 ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 29 ஆம் நாள் மாலை, கல்கத்தா மைதானத்தில் மோகன் பகான் என்னும் வங்காளியர் கழகம், கிழக்கு யார்க்சயர்ப் படைப்பிரிவின் குழுவை 2-1 என்ற கணக்கில் வென்று இந்தியக் கால்பந்துச் சங்கக் கேடயத்தைக் கைக்கொண்டது. 1893 இல் தொடங்கிய அக் கேடயப் போட்டியில் இந்தியர் குழு ஒன்று வென்றது அதுவே முதன்முறை. முதற் கோலை அடித்தவர் ஜாக்சன் என்னும் வெள்ளையர். அதனைச் சமன் செய்தவர் குழுத்தலைவர் சிவதாஸ் பாதுரி. ஆட்டம் முடியுந் தறுவாயில் வெற்றிக் கோலை அடித்தவர் அபிலாஷ் கோஷ். இவற்றில் ஐயத்திற்கு இடமில்லை. ஆயின் அந்நாளைக் கண்டோரும் கேட்டோரும் தம் மக்கட்கும் பெயரர்க்கும் சொல்லிவந்தவை இவ்வளவில் நிற்கவில்லை. அவற்றுள் எவை கொள்ளத்தக்கன, எவை தள்ளத்தக்கன, தள்ளத்தக்கவை எவ்வாறு தோன்றின என்பதை ஆராயப் புகுகின்றோம்.

அன்று கூடிய மக்கள் 60,000 பேர் என்பாரும் 1,00,000 பேர் என்பாரும் உளர். வெளியூரிலிருந்து தனிப் புகைவண்டிகளிலும் நீராவிப் படகுகளிலும் வந்தோர் பலர். மரங்களில் ஏறியும் மரப்பெட்டிகளின் மேல் நின்றும் எட்டிப் பார்த்தோர் போக, எஞ்சியோர்க்குப் பந்தே புலப்படவில்லை. அவர்களுக்காகக் கோல் கணக்கை எழுதிப் பட்டங்களைப் பறக்கவிட்டனர். ஆகவே ஆட்டத்தைக் 'கண்டோம்' எனப் பின்னாளில் கூறியோருள் மிகப் பலர் கண்டது வானத்துப் பட்டத்தையே. இதனைக் குறையாக நாம் கூறவில்லை. கண்டார் கூற்று எனப்படுவதிலும் கேள்வியின் பங்கு எத்துணைப் பெரிது என்பதற்கு இஃது ஒரு சான்று.

நினைவு செய்த முதல் திருத்தம் சிறியது. பதினொருவரும் வெறுங்காலுடன் ஆடினர் என்பர். உண்மையில் வெறுங்காலுடன் ஆடியோர் பதின்மரே. சுதீர் சட்டர்ஜி பூட்சு அணிந்திருந்தார். வங்காளியர் உடல்வலி அற்றோர் என்று மெக்காலே முதலியோர் எழுதிவைத்த பழி அக்காலத்தே கற்றோர் நெஞ்சில் ஆறாப் புண்ணாக இருந்தது. பூட்சுக்கால் படைவீரரை வெறுங்கால்கள் வென்றன என்னும் காட்சி அப் பழிக்கு விடையாயிற்று. விடையின் நிறைவுக்காக ஒருவரின் பூட்சு கழன்றது. இவ்வாறே 1892 இல் வணிகர் கோப்பைப் போட்டியில் சோபாபசார்க் கழகம் கிழக்கு சர்ரே படைப்பிரிவை வென்ற செய்தியும் பலர் நினைவிலிருந்து மறைந்தது. முதல் வெற்றி ஒன்றே இருத்தல் வேண்டும் என்பது கதை மரபு போலும்.

இரண்டாவது செய்தி பெரியது, ஆராய்ச்சியையும் வேண்டுவது. இத் தோல்வியால் அஞ்சிய ஆங்கிலேயர் வங்காளப் பிரிவினையைக் கைவிட்டுத் தலைநகரையும் தில்லிக்கு மாற்றினர் என்று மோகன் பகான் அன்பர் பலர் கூறுவர். பிரிவினை 1905 அக்டோபர் 16 இல் நடைமுறைக்கு வந்தது. 1911 டிசம்பர் 12 இல் தில்லி தர்பாரில் அரசர் ஐந்தாம் ஜார்ஜ் இரு மாற்றங்களையும் அறிவித்தார். இந்திய அரசாங்கம் அவற்றை வேண்டி இலண்டனுக்கு எழுதிய முறையான மடலின் நாள் 1911 ஆகஸ்டு 25. இத்தேதியை மட்டும் நோக்குவார்க்கு, ஆட்டம் முடிந்து ஒரு திங்கள் ஆகுமுன்னே அரசு பணிந்தது எனத் தோன்றும். ஆயின் ஆட்சிக் குழுவின் உறுப்பினர் ஜென்கின்ஸ், அவ்வாண்டு சூன் திங்களிலேயே இவ்விரு கருத்துகளையும் குறிப்பாக எழுதி ஆளுநர் தலைவர் ஹார்டிஞ்சிடம் அளித்துவிட்டார். எனவே ஆட்டம் காரணம் அன்று.

அங்ஙனமாயின் இக் கருத்து பொய்யர் கட்டியதோ எனின், அன்று. சூன் திங்கள் குறிப்பும் ஆகஸ்டு மடலும் தர்பார் நாள்வரை மறைவாக வைக்கப்பட்டவை. மக்கள் கண்ட நிகழ்ச்சிகள் இரண்டே: சூலையில் வெற்றி, டிசம்பரில் பிரிவினை நீக்கம். இடையிலுள்ளதை அரசு மறைத்தது. மக்கள் தாமே இட்டு நிரப்பினர். அக் குழுவில் ஆடியோருள் பலர் கிழக்கு வங்காளக் குடியினர் என்பதையும் ஈண்டு நினைத்தல் வேண்டும். பிரிக்கப்பட்ட இரு பகுதியினரும் ஓர் அணியில் நின்று வென்றதைக் கண்டவர்க்கு, நாடும் மீண்டும் ஒன்றானது அதன் பயனெனப் பட்டதில் வியப்பில்லை.

மூன்றாவது, கொடிக் கதை. வென்ற வீரர் திரும்புகையில் முதிய அந்தணர் ஒருவர் அருகிலிருந்த வில்லியம் கோட்டையின் கொடியைச் சுட்டி, "அஃது எப்போது இறங்கும்?" என வினவினாராம். "மோகன் பகான் மீண்டும் கேடயத்தை வெல்லும்போது" என்று விடை வந்ததாம். வினவப்பட்டவர் இன்னார் என்பதும், விடை கூறியவர் இன்னார் என்பதும் சொல்வோர்க்கேற்ப வேறுபடும். கழகம் அடுத்து அக் கேடயத்தை வென்றது 1947 இல்! காலத்தால் வேறுபட்ட புலவர்களை ஓர் அவையில் அமர்த்தி உரையாடச் செய்யும் நம் தனிப்பாடற் கதைகளைப் பயின்றவர்க்கு இவ்வகைப் பொருத்தம் புதிதன்று.

இக் கதைக்கு 1923 ஆம் ஆண்டு ஒரு சோதனை. அவ்வாண்டும் மோகன் பகான் இறுதி ஆட்டத்தை எட்டிற்று. வெள்ளையர் கழகமாகிய கல்கத்தாக் கால்பந்துக் கழகத்திடம் தோற்றது. அன்று வென்றிருப்பின் கொடிக் கதையை எவரும் சொல்லியிரார். நிறைவேறிய வாக்கே வாக்காக நினைக்கப்படுகிறது. அத்தகைய வினா அன்று எழுந்திராது என்பதற்கும் நம்மிடம் சான்றில்லை. மைதானத்தில் நிற்பவர் கண்ணுக்குக் கோட்டை தப்பாது.

1911 இல் எட்டாண்டு நிரம்பாத சிறுவராய் இருந்த அசிந்தியகுமார் சென்குப்தா, பின்னர் மோகன் பகானை ஆட்டக் குழுவாக அன்றி நாடாகவே கண்டு எழுதினார். ஆயின் இவ்வுணர்ச்சி முழுதும் பிற்காலத்தார் ஏற்றியது எனல் பிழையாகும். வங்காளியர் சட்டைகளைக் கழற்றி வீசி ஆர்த்தனர் என ராய்ட்டர் நிறுவனம் அப்போதே இலண்டனுக்குச் செய்தி விடுத்தது. அக்காலத்து முஸ்லிம் இதழ் ஒன்று, முஸ்லிம் விளையாட்டுக் கழகத்தார் இந்து உடன்பிறப்பாளரின் வெற்றியால் களிமிகுந்து தரையில் உருண்டனர் என எழுதியது. இச் செய்தி கொடிக் கதையினும் உறுதியான சான்றுடையது. ஆயினும் சூலை 29 ஐ மோகன் பகான் நாளெனக் கொண்டாடும் அன்பரிடையே, நாம் அறிந்தவரையில், கொடிக் கதையைச் சொல்வோர் பலர். இதனைச் சொல்வோர் மிகச் சிலரே.