தனித்துச் செல்லும் மிதிவண்டியும் வழியின் உரிமையும்



விடுமுறை நாள்களின் அதிகாலையில் தருமபுரி வழியாகச் செல்லும் பெங்களூரு - சேலம் நெடுஞ்சாலையில் இருவகை மிதிவண்டிகளைக் காணலாம். ஒன்று, தலைக்கவசம் அணிந்த இளைஞர் முதுகை வளைத்து மிதித்துச் செல்லும் மெல்லிய சக்கர வண்டி. மற்றொன்று, இருபுறமும் பால் கேன் தொங்க, முதியவர் ஒருவர் மெதுவாக மிதித்து வரும் பழைய சைக்கிள். முன்னவர் விருப்பத்தினால் தனியே செல்கிறார்; பின்னவர் பிழைப்பினால் தனியே செல்கிறார். இருவருக்கும் அருகே கனரக வண்டிகள் காற்றைக் கிழித்துப் பறக்கின்றன. தனியே செல்பவருக்குச் சாலையில் துணை யார் என்னும் கேள்வி நம் மார்க்க நூல்களில் மிகப் பழைமையானது.

இரவில் தனியே பயணம் செய்வதிலுள்ள ஆபத்தை மக்கள் அறிந்தால் எவரும் அவ்வாறு புறப்படமாட்டார் என்னும் கருத்தில் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை இமாம் புகாரீ (ரஹ்) பதிவு செய்துள்ளார்கள். மூவர் சேர்ந்தால்தான் பயணக் குழு என்னும் கருத்துடைய அறிவிப்பு அபூதாவூதிலும் திர்மிதீயிலும் உண்டு. இவற்றை மட்டும் படித்துவிட்டுத் தனிப்பயணமே கூடாது என முடிவு கட்டுவோர் உளர். அது அவசர முடிவு என்பதே நம் கருத்து. ஏனெனில் அதே புகாரீயில் அதீ பின் ஹாத்திம் (ரலி) அவர்களின் அறிவிப்பும் உள்ளது. வழிப்பறி குறித்து ஒருவர் முறையிட்டபோது, ஹீராவிலிருந்து ஒரு பெண் அல்லாஹ்வைத் தவிர எவருக்கும் அஞ்சாமல் பயணம் செய்து கஅபாவை வலம் வரும் காலம் வரும் என்று நபி (ஸல்) அவர்கள் முன்னறிவித்தார்கள். அக்காட்சியைத் தம் வாழ்நாளிலேயே கண்டதாக அதீ (ரலி) கூறுகிறார்கள். பெண்களின் பயணம் பற்றிய சட்ட விவாதம் இங்கு நம் பொருளன்று. ஒரு வழி எவ்வளவு சீர்பட்டிருக்கிறது என்பதற்கு அதில் தனியே செல்பவரின் அச்சமின்மையே அளவுகோலாகச் சொல்லப்பட்டது என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது.

தனிப்பயணி என்றவுடன் நினைவுக்கு வருபவர் இப்னு பதூதா. ஹிஜ்ரி 725 ரஜப் மாதம், அதாவது 1325 ஜூனில், தம் 21-ஆம் வயதில் தஞ்சா நகரிலிருந்து ஹஜ்ஜுக்காகத் துணையின்றிப் புறப்பட்டார். பின்னாளில் தமிழகத்தின் மஅபர் சுல்தானகம் வரை வந்த பெரும் பயணி அவர். ஆயினும் அவருடைய பயண நூலின் தொடக்கப் பகுதியில் வரும் ஒரு சிறு நிகழ்ச்சியே நம் மனத்தில் நிற்கிறது. வழியில் சேர்ந்துகொண்ட குழுவுடன் அவர் தூனிஸ் நகரை அடைந்தபோது, ஊரார் வந்து தத்தமக்குத் தெரிந்தவர்களுக்கெல்லாம் ஸலாம் உரைத்தனர். அறிமுகமற்ற அவருக்கு எவரும் ஸலாம் சொல்லவில்லை. அவர் அழுதுவிட்டார். அதைக் கண்ட ஹாஜி ஒருவர் அருகில் வந்து ஸலாம் சொல்லி, பேச்சுக் கொடுத்து, நகருக்குள் நுழையும்வரை உடனிருந்தார். தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் ஸலாம் உரைக்க வேண்டும் என்ற நபிமொழியின் பொருளை மதரஸாவில் விளக்க இந்நிகழ்ச்சியையே நாம் எடுத்துக்கொள்வது வழக்கம்.

யார் முதலில் ஸலாம் சொல்ல வேண்டும் என்பதற்கும் முறை உண்டு. வாகனத்தில் செல்பவர் நடப்பவருக்கு, நடப்பவர் அமர்ந்திருப்பவருக்கு, சிறு கூட்டத்தினர் பெருங்கூட்டத்தினருக்குச் சொல்ல வேண்டும். இது புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. ஏறிச் செல்பவர் ஏன் முந்த வேண்டும்? வாகனம் தரும் செருக்கு அவரைப் பற்றிக்கொள்ளாமல் பணிவுக்குத் திரும்புவதற்காக என்று முன்னோர் கூறிய விளக்கத்தை இப்னு ஹஜர் அல்-அஸ்கலானீ (ரஹ்) தம் ஃபத்ஹுல் பாரீயில் எடுத்துரைக்கிறார்கள். ஒட்டகத்தின் மீது அமர்ந்தவருக்கே செருக்கு வரும் எனில், 12 சக்கர லாரியின் மேலிருந்து பார்ப்பவரைப் பற்றி என்ன சொல்வது!

நம் மாவட்டத்தின் வழிகள் செருக்கையும் கண்டவை, தனிமையையும் கண்டவை. 1790 நவம்பரில் திப்பு சுல்தானின் படை, ஜெனரல் மெடோஸின் படைக்கு எட்டாமல் தொப்பூர்க் கணவாய் வழியே தெற்கே கடந்தது. 1792-இல் பாராமகால் கும்பினியார் வசமாயிற்று. படைகள் நடந்த அதே நிலத்தில், ஒன்றேகால் நூற்றாண்டுக்குப் பின்னர் சுப்பிரமணிய சிவா நடந்தார். தொழுநோயைக் காரணம் காட்டி ஆங்கில அரசு அவருக்கு இரயில் பயணத்தைத் தடைசெய்தது. ஆகவே கால்நடையாகவும் கட்டை வண்டியிலும் ஊர் ஊராகச் சென்று, 1925 ஜூலை 23 அன்று பாப்பாரப்பட்டியில் உயிர் நீத்தார். நோயுற்ற ஒருவருக்கு வாகனம் மறுக்கப்பட்ட அச்சாலைகளில் அவருக்கு வழிவிட்டவர்களும் தண்ணீர் கொடுத்தவர்களும் யாரென எந்த ஏட்டிலும் இல்லை.

இனி மிதிவண்டிக்கு வருவோம். இன்றைய வடிவத்தை ஒத்த வண்டியை 1885-இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி இங்கிலாந்தில் உருவாக்கினார். 1888-இல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். அதற்கு முன்பே, 1878-இல், அந்நாட்டில் மிதிவண்டிப் பயணிகளின் சங்கம் ஒன்று தோன்றிவிட்டது. அச்சங்கத்தார் செய்த ஒரு பணி நம்மை வியக்க வைக்கிறது. செங்குத்தான இறக்கங்களின் உச்சியில், இம்மேடு ஆபத்தானது என்று பின்னால் வரும் ஓட்டிகளை எச்சரிக்கும் பலகைகளைத் தம் செலவில் நட்டனர். அரசின் எச்சரிக்கைப் பலகைகள் பரவலாவதற்கு முந்திய காலம் அது. தாம் இறங்கிச் சென்றுவிட்ட பின்னர், முகமறியாத ஒருவர் அதே சரிவுக்கு வருவார் என எண்ணிச் செய்த செயல். வழியிலிருந்து தொல்லை தருவதை அகற்றுவது ஈமானின் கிளைகளுள் ஒன்று எனப் பயின்ற நமக்கு இது அந்நியமாகத் தோன்றவில்லை.

தமிழகத்தில் 1949-இல் அம்பத்தூரில் டிஐ சைக்கிள்ஸ் தொடங்கப்பட்ட பின்னர், சைக்கிள் எளியோரின் வாகனமாயிற்று. உள்ளாட்சிகள் ஆண்டுதோறும் வழங்கிய உரிம வில்லை, விளக்கில்லாமல் சென்றால் அபராதம், இருவர் ஏறினால் அபராதம், மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் கடை என அதற்கென ஓர் உலகமே இருந்தது. அபராதத்துக்கு அஞ்சியும்கூட மக்கள் வழியில் நடப்பவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டனர். பயணத்தில் நபி (ஸல்) அவர்கள் அணியின் பின்னே தங்கி, தளர்ந்தவரை முன்னே நகர்த்தி, தம் வாகனத்தின் பின்னே ஏற்றி, அவர்களுக்காகப் பிரார்த்திப்பார்கள் என ஜாபிர் (ரலி) அறிவிப்பது அபூதாவூதில் உள்ளது. 'டபுள்ஸ்' என நாம் அழைத்ததற்கு எத்துணை உயர்ந்த முன்மாதிரி!

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தின் வழியே கிராமப் பெண்கள் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சைக்கிள் கற்றதைப் பத்திரிகையாளர் சாய்நாத் எழுதியுள்ளார். அவர்களில் முஸ்லிம் பெண்களும் இருந்தனர். முதலில் ஏளனம் வந்தது, பின்னர் பழகிவிட்டது. இன்று அரசு தந்த மிதிவண்டியில் நம் பாலக்கோடு, பென்னாகரம் பகுதி மாணவியர் பள்ளிக்குச் செல்வதை எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஹீராவிலிருந்து வரும் பெண் பற்றிய நபிமொழியை அறிந்தவர்கள் இதனைச் சிறு செய்தியாகக் கருதமாட்டார்கள்.

நெடுந்தூரம் தனியே ஓட்டும் இக்காலத்து இளைஞர்களிடமும் எழுதப்படாத ஒழுக்கம் உண்டு. முந்தும்போது மணியடித்தோ குரல் கொடுத்தோ வலப்புறமாகச் செல்கின்றனர். முன்னே பள்ளம் இருந்தால் பின்வருபவருக்குக் கையால் சுட்டுகின்றனர். எதிரே வருபவருக்குக் கையுயர்த்துகின்றனர். எவரேனும் ஓரமாக நின்றிருந்தால் வேகத்தைக் குறைத்து, பஞ்சரா, டியூப் இருக்கிறதா எனக் கேட்காமல் கடப்பதில்லை. குறை ஒன்றுண்டு: விலையுயர்ந்த வண்டியில் வருபவர் தம்மைப் போன்றவருக்கே கையுயர்த்துகிறார், பால்கார முதியவரைக் காணாதவர்போலப் போய்விடுகிறார். தூனிஸ் ஊராரும் தெரிந்தவருக்கு மட்டுமே ஸலாம் சொன்னார்கள். வேகத்தில் மிகுந்தவரே முதலில் முகமன் கூற வேண்டும் என்பதுதானே நாம் கற்ற முறை?

வத்தல்மலைச் சாலையில் இம்முறை உயிர்ப்பிரச்சினையாகவே மாறுகிறது. கொண்டை ஊசி வளைவுகளில் மூச்சிரைக்க ஏறுபவருக்கு எதிரே, எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கும் இருசக்கர வண்டிகள் பாய்கின்றன. குறுகிய மலைச்சாலையில் இறங்கும் வண்டியே ஒதுங்கி நின்று ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டின் சாலை விதிகளே கூறின. இறங்குபவருக்கு எளிமை, ஏறுபவருக்குப் பாடு. எளிமையில் இருப்பவர் விட்டுக்கொடுக்க வேண்டும். வாகனத்தில் இருப்பவர் நடப்பவருக்கு ஸலாம் சொல்லும் சட்டமும் இந்நியாயத்தின் மேல்தான் நிற்கிறது.

2022-இல் நம் நாட்டுச் சாலைகளில் 1,68,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் நடந்து சென்றோர் 32,000-க்கும் மேல். மிதிவண்டியில் சென்றோர் 4,000-க்கும் மேல். தொப்பூர் இறக்கத்தில் நிகழ்பவற்றை நம் மாவட்டத்தார்க்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இரவில் பயணத்தை நிறுத்தினால் வழியின் மீது தங்காமல் விலகித் தங்குமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவியது முஸ்லிமில் உள்ளது. அவ்வழி இரவில் நடமாடும் உயிரினங்களின் பாதை என்பது அங்கே சொல்லப்பட்ட காரணம். தேநீர்க் கடைகளுக்கு எதிரே, வெள்ளைக் கோட்டுக்கு வெளியே மிதிவண்டிக்கென எஞ்சியிருக்கும் அந்த இரண்டு முழ அகலத்தில், பின்விளக்கு எரியாமல் லாரிகள் நிற்கின்றன. நம் ஜமாஅத்தில் லாரி ஓட்டுநர்கள் பலர் உளர். வண்டியைச் சாலையை விட்டு முழுவதும் இறக்கி நிறுத்துவதும் பின்விளக்கை எரியவிடுவதும் இந்த ஹதீஸில் அடங்கும் என்று ஜும்ஆவுக்குப் பின் அவர்களிடம் கூறினோம். ஃபஜ்ருக்கு முன் பால் எடுத்துச் செல்லும் அந்த முதியவர்களின் சைக்கிளில் டைனமோ கூட இல்லை என்று அவர்களில் ஒருவர் சொன்னார். பின் மட்கார்டில் ஒட்டச் சிவப்பு ஒளிர்பட்டை வாங்க அன்றே நூறு ரூபாய் கொடுத்துச் சென்றார்.