பேராயரும் அவர் சேர்த்த சிலைகளும்

ஐரோப்பாவின் பல நகரங்களில் 'பிரிஸ்டல் ஓட்டல்' என்ற பெயர்ப்பலகையைக் காணலாம். பிரிஸ்டல் இங்கிலாந்தில் உள்ள ஒரு துறைமுக நகரம். ஆனால் ஓட்டல்களுக்கு இப்பெயர் வந்தது அந்த ஊரால் அன்று. ஊர் ஊராகச் சுற்றிய பிரிஸ்டல் பிரபு ஒருவரால் என்பார்கள்.

அவர் பெயர் பிரெடரிக் ஹார்வி. 1730இல் பிரபு குடும்பமொன்றில் மூன்றாவது மகனாகப் பிறந்தார். அந்நாளில் பட்டமும் நிலமும் மூத்தவனுக்கே. இளையவர்கள் படைக்கோ திருச்சபைக்கோ போவார்கள். இவர் ஆங்கிலிக்கன் திருச்சபையில் குருவானார். மூத்த அண்ணனுக்கு அயர்லாந்தின் ஆளுநர் பதவி கிடைத்தது. உடனே தம்பிக்கும் வழி திறந்தது. 1767இல் குளோய்ன் பேராயர். மறு ஆண்டே செல்வம் கொழித்த டெர்ரியின் பேராயர். அண்ணன்மார் இருவரும் மறைந்தபின் 1779இல் பிரபுப் பட்டமும் வந்து சேர்ந்தது.

பணம் எங்கிருந்து வந்தது என்று நாம் கேட்க வேண்டுமல்லவா? திருச்சபை நிலங்களின் குத்தகையிலிருந்து வந்தது. இது போக, அயர்லாந்துக் குடியானவர்கள் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை ஆங்கிலிக்கன் சபைக்குக் கொடுக்க வேண்டும். அவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர்கள். தாம் கால் வைக்காத கோயிலுக்கு அவர்கள் வரி கட்டினார்கள்! வாக்குரிமையும் அவர்களுக்கு இல்லை.

இது அநியாயம் என்று சொன்ன பேராயர்களுள் இவர் முக்கியமானவர். 1783இல் டப்ளினில் கூடிய தொண்டர் படை மாநாட்டில், கத்தோலிக்கருக்கும் வாக்குரிமை வேண்டும் என்று வாதாடினார். மாநாடு ஏற்கவில்லை. கடலோரக் குன்றின் விளிம்பில் வட்ட வடிவில் தமக்கு ஒரு நூலகம் கட்டினார். 1785இல் முடிந்த அது முசெண்டன் கோயில் எனப்படும். அதன் கீழறையில் கத்தோலிக்கக் குருவானவர் பூசை வைக்க அனுமதித்தார். அந்நாளில் அது சிறிய காரியமன்று.

ஆனால் அதே மனிதர் 1791க்குப் பின் தம் மறைமாவட்டத்திற்குத் திரும்பவே இல்லை. வருமானம் மட்டும் தவறாமல் போய்க்கொண்டிருந்தது. இத்தாலியில் ஓவியங்களையும் சிலைகளையும் வாங்கிக் குவித்தார். பிளாக்ஸ்மன் என்ற சிற்பியிடம் 600 பவுனுக்குப் பெரிய சிலைத் தொகுதி ஒன்று செய்யச் சொன்னார். அந்தத் தொகை போதாமல் சிற்பிக்குத்தான் நஷ்டம்! இவற்றையெல்லாம் வைக்க 1795இல் இங்கிலாந்தின் இக்வொர்த்தில், நடுவே உருண்டை மண்டபம் கொண்ட மாளிகை ஒன்று எழத் தொடங்கியது.

1798இல் பிரெஞ்சுப் படை ரோமைப் பிடித்தது. பேராயரின் சேகரிப்பு முழுவதும் பறிமுதலாயிற்று. அவரே மிலான் கோட்டையில் பல மாதங்கள் சிறையிருந்தார். பிளாக்ஸ்மனின் சிலையைப் பின்னாளில் அவர் மகன் மீட்டார். அது இன்று இக்வொர்த்தில் நிற்கிறது. மாளிகையை எழுப்பியவர் அதைக் கண்ணால் காணவே இல்லை.

1803 ஜூலை 8ஆம் நாள், ரோமுக்கு அருகே அல்பானோ சாலையில் அவருக்கு உடல் நலம் கெட்டது. ஒரு குடியானவன் வீட்டுக்குத் தூக்கிச் சென்றார்கள். வேற்றுச் சபைப் பேராயர் தன் கூரையின் கீழ் சாகலாகாது என்று அஞ்சி, அந்த ஏழை அவரைப் புறக்கொட்டகைக்கு மாற்றிவிட்டானாம். அங்கேயே உயிர் பிரிந்தது. பிணத்தைக் கப்பலில் ஏற்ற மாலுமிகள் சம்மதிக்க மாட்டார்கள் என்பதால், பெட்டியின் மேல் 'பழங்காலச் சிலை' என்று எழுதி இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள் என்று ஒரு கதை உண்டு.