உல்ட்சின்: கேட்காமலே கைமாறிய ஊர்

பால்கன் முஸ்லிம்கள் என்றதும் நமக்குச் சட்டென்று ஞாபகம் வருவது பொஸ்னியாதான். ஸ்ரெப்ரெனிகாவின் துயரம் அப்படி. ஆனால் அதே பிராந்தியத்தில், மொண்டினீக்ரோவின் தென்கோடியில், அல்பேனிய எல்லையோரமாக ஒரு சின்னக் கடற்கரைப் பட்டினம் இருக்கிறது. மொண்டினீக்ரோக்காரர் அதை உல்ட்சின் என்பார்கள். அல்பேனியர் உல்ச்சின் என்பார்கள். இத்தாலியர் துல்சின்யோ என்பார்கள். ஓர் ஊருக்கு இத்தனை பெயர் என்றால், அங்கே வந்து போனவர்களும் பலர் என்றுதானே அர்த்தம்.

வெனிஸ்காரரிடமிருந்து 1571இல் உஸ்மானியர் இந்த ஊரைக் கைப்பற்றினார்கள். கோட்டைக்குள்ளே 1510இல் கட்டப்பட்ட தேவாலயம் 1693இல் பள்ளிவாசலாக்கப்பட்டது. இன்று அது நூதனசாலை. தன்னை யூதர்களின் மீட்பர் என்று சொல்லிக்கொண்டு, பிறகு 1666இல் சுல்தானின் முன்னிலையில் இஸ்லாத்தை ஏற்ற சபதாய் ஸெவி நாடுகடத்தப்பட்டதும் இங்கேதான். 1676இல் இங்கேயே மௌத்தானார்.

உல்ட்சின்காரர் கடலோடிகள். அத்ரியாத்திக் கடலில் வியாபாரமும் செய்தார்கள், கொள்ளையும் அடித்தார்கள். இரண்டையும் சொல்லத்தான் வேண்டும். திரிப்போலியிலிருந்து அவர்களுடைய கப்பல்களில் ஆபிரிக்க மக்கள் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களில் விடுதலையானவர்கள் அங்கேயே குடியேறி, அல்பேனிய மொழி பேசி, ஊரோடு ஊராகக் கலந்துபோனார்கள்.

ஊரின் தலைவிதி மாறியது 1878ஆம் ஆண்டு பெர்லின் மாநாட்டுக்குப் பிறகு. வல்லரசுகள் பிளாவ், குசின்யே என்ற இரு மலைப் பகுதிகளை மொண்டினீக்ரோவுக்குக் கொடுத்தன. அங்குள்ள சனம் ஆயுதம் தூக்கி எதிர்த்து நின்றது. சரி, அதற்குப் பதிலாக உல்ட்சினைக் கொடுப்போம் என்று முடிவாயிற்று. ஊராரை யார் கேட்டது? அவர்களும் எதிர்த்தார்கள், ப்ரிஸ்ரென் அல்பேனியக் கழகத்தின் படையும் வந்து சேர்ந்தது. உடனே ஐரோப்பியப் போர்க்கப்பல்கள் அத்ரியாத்திக் கடலில் அணிவகுத்தன. கடைசியில் அந்த எதிர்ப்பை அடக்கி, 1880 நவம்பரில் ஊரை ஒப்படைத்தது வேறு யாருமில்லை, சுல்தானின் தளபதி தர்விஷ் பாஷாவின் படைதான். தங்களைக் காக்கும் என்று அவர்கள் நம்பிய கிலாபத்தின் துப்பாக்கியே அவர்கள் பக்கம் திரும்பியது. மனம் நொந்த பல குடும்பங்கள் உஸ்மானியப் பகுதிகளுக்குப் பெயர்ந்து போயின.

மிஞ்சியவர்களின் அடையாளமும் மெல்ல மெல்லக் கழன்றது. கரையோரத்தில் கடலோடிகளின் பள்ளிவாசல் ஒன்று இருந்தது. அதன் மினாராதான் கப்பல்களுக்கு வெளிச்சவீடு. யுகோஸ்லாவிய இராச்சியக் காலத்தில், 1931இல், அதை இடித்துத் தள்ளினார்கள். அது மறுபடி எழும்பியது 2012இல். இடையில் 81 வருஷம்.

இப்போதைய நிலைமை என்ன? 2011 சனத்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்த மாநகரசபைப் பகுதியில் ஏறத்தாழ 20,000 பேர். பத்தில் ஏழு பேர் அல்பேனியர். மொண்டினீக்ரோக்காரரும் சேர்பியரும் மற்றவர்களும் மீதி. முஸ்லிம்கள் பெரும்பான்மை, கத்தோலிக்கரும் ஓர்த்தடொக்ஸ் கிறிஸ்தவரும் உண்டு. அல்பேனியரிலேயே கத்தோலிக்கர் இருக்கிறார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. நாட்டில் சிறுபான்மையான மொழி இங்கே அரச அலுவல் மொழிகளில் ஒன்று. பாடசாலையிலும் அதில் படிக்கலாம். 1999இல் கொசோவோ அகதிகள் ஆயிரக்கணக்கில் வந்தபோது ஊர் கதவைத் திறந்தது. 2006இல் மொண்டினீக்ரோ தனிநாடாவதா என்று கேட்டபோது, இவர்கள் பெருவாரியாக ஆம் என்று வாக்களித்தார்கள். 1880இல் பலவந்தமாகச் சேர்க்கப்பட்ட நாட்டை, 126 வருஷத்துக்குப் பிறகு தங்கள் விருப்பத்தோடு தெரிவு செய்தார்கள்!

இதை வெறும் நல்லெண்ணத்தின் விளைவு என்று சொல்லிவிட முடியாது. மொழியுரிமை, பாடசாலை, சபையில் ஆசனம் என்று கைக்குப் பிடிபடும் ஏற்பாடுகள்தான் அந்த நம்பிக்கையைத் தந்தன. ஊருக்குப் பக்கத்தில் சுமார் 1,500 ஹெக்டேயர் உப்பளம் ஒன்று உண்டு. தனியார் கைக்குப் போய், 2013இல் உப்பு விளைச்சல் நின்றுபோனது. அந்த நிலம் ஹோட்டல்களுக்குப் போய்விடுமோ என்ற அச்சம் இருந்தது. 2019இல் சபை கூடி, பூநாரைகள் இறங்கும் அந்த நிலத்தை இயற்கைப் பூங்காவாக அறிவித்தது. தங்கள் மண்ணைப் பற்றித் தாங்களே கைதூக்கி முடிவெடுக்கும் இந்தச் சபைதான், பெர்லினில் மேசையைச் சுற்றி இருந்தவர்கள் அவர்களுக்குக் கொடுக்காதது.