ஐஸ் ஹவுஸும் சறுக்குத் தளமும்

சில வருஷங்களுக்கு முன், டொராண்டோவில் இருக்கும் என் தங்கை பேரன் ஏரிக்கரையில் பனிக்கட்டித் தளத்தில் சறுக்கி விளையாடுவதை வீடியோவாக அனுப்பியிருந்தான். புதுச்சேரியில் நான் பிரெஞ்சு வழியில் படித்தபோது ‘பத்தினுவார்’ என்ற சொல் பாடத்தில் வந்தது. வாத்தியார் “வழுக்குகிற தரை” என்று சொல்லி அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். அந்தத் தரையை அறுபது வருஷம் கழித்துத்தான் கண்ணால் பார்த்தேன். பார்த்ததும் நினைவுக்கு வந்தது திருவல்லிக்கேணி ஐஸ் ஹவுஸ்.

பாஸ்டன் வியாபாரி பிரெடரிக் டியூடர், அங்கே உறைந்த குளங்களில் ஐஸ் பாளங்களை வெட்டி, மரத்தூளில் பொதிந்து கப்பலேற்றினார். 1833-ல் கல்கத்தாவுக்கு 180 டன் கிளம்பியது. நான்கு மாதக் கடல் பயணம் முடிந்தபோது சுமார் 100 டன் மிஞ்சியது. 1840-களில் சென்னைக் கடலோரத்திலும் அவருடைய கிடங்கு எழுந்தது. நம் உத்திரமேரூர் பஸ் நிலையத்தில் கரும்புச்சாறுக்காரர் சாக்கிலும் மரத்தூளிலும் ஐஸைப் பொதிந்து வைத்திருந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். டியூடரின் தந்திரமும் அதுவேதான்.

1870-களில் சென்னையிலேயே இயந்திரத்தில் ஐஸ் செய்யத் தொடங்கினார்கள். கப்பல் ஐஸ் வியாபாரம் படுத்தது. அதே சமயத்தில்தான், வெகுதூர நாடுகளிலிருந்து இறைச்சியைக் கெடாமல் கொண்டுவர வழி தேடிய ஜான் காம்ஜீ என்பவர், 1876-ல் லண்டனில் இயந்திரத்தால் உறைய வைத்த முதல் சறுக்குத் தளத்தை அமைத்தார். கீழே கான்கிரீட், அதன்மேல் மண், மாட்டு ரோமம், மரப்பலகை. எல்லாவற்றுக்கும் மேல் செப்புக் குழாய்கள். குழாய்க்குள் குளிர்ந்த திரவம் ஓட, மேலே நின்ற தண்ணீர் உறைந்தது. டியூடருக்கு மரத்தூள் செய்த வேலையை, இங்கே மண்ணும் ரோமமும் செய்தன: கீழிருந்து சூடு ஏறாமல் தடுத்தன. ஆக, ஐஸ் ஹவுஸுக்கு வேலை இல்லாமல் செய்த அதே குளிரூட்டும் வித்தைதான் சறுக்குத் தளத்தையும் பெற்றெடுத்தது.

பேரன் சறுக்கிய இடமும் ஒரு காலத்தில் துறைமுகக் கிடங்குகள் நின்ற கரைதான். துறைமுக வேலை குறைந்து போகவே, 1972-ல் கனடா அரசு அந்த நிலத்தைப் பொதுமக்களுக்கென எடுத்துக்கொண்டது. அங்கே ஆழமில்லாத குளம் ஒன்றை வைத்தார்கள். கோடையில் அது குளமாக இருந்தது. குளிர்காலத்தில் குளிரூட்டி உறைய வைத்துச் சறுக்குத் தளமாக்கினார்கள். பக்கத்தில், கிடங்குக்குச் சூடும் குளிரும் தருவதற்காக 1926-ல் கட்டிய இயந்திரக் கட்டடம், 1987 முதல் ஓவியக் கூடமாக இருக்கிறது.

நம் ஐஸ் ஹவுஸும் வீணாகிவிடவில்லை. பிலிகிரி ஐயங்கார் அதை வாங்கி வீடாக்கினார். 1897-ல் விவேகானந்தர் ஒன்பது நாள் அங்கே தங்கினார். பின்னர் சகோதரி சுப்பலட்சுமி இளம் விதவைகளை அங்கே வைத்துப் படிக்க வைத்தார். இன்று அது விவேகானந்தர் இல்லம். ஐஸ் கரைந்து 140 வருஷத்துக்கு மேல் ஆகியும், பஸ் கண்டக்டர் வாயில் மட்டும் இன்னும் ‘ஐஸ் ஹவுஸ்’தான்.

நம் பக்கத்தில் மூடிக் கிடக்கும் பழைய நெல் கிடங்கு ஒன்றை இடிக்கப்போவதாகக் கேள்விப்பட்டேன். வேலை போன கட்டடத்துக்கு வேறு வேலை கிடைக்காது என்று யார் சொன்னது? இடிக்கும் முன் ஒருமுறை யோசிக்கலாமே.