தா (பர்மிய வாள்)

ஒருபுறம் மட்டும் கூர்மையான, கைக்காப்பு இல்லாத, நீண்ட உருளைப் பிடியுடைய வாள். மர உறையைக் கயிற்றால் தோளில் மாட்டிக்கொள்வர். உயர்தர வாள்களில் பிடியும் உறையும் வெள்ளித் தகடு போர்த்தப்பட்டிருக்கும். தஞ்சாவூர்த் தட்டைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இத்தகட்டின் புடைப்பு வேலை அந்நியமாகத் தோன்றாது. சில வாள்களில் கறுத்த அலகின் மீது வெள்ளி பதித்துப் புத்த சாதகக் காட்சிகளைத் தீட்டியிருப்பர். செய்தவர் பெயர் பொறித்தவையும் உண்டு.

நாகூர் மரக்காயர் வணிகர்களின் கப்பல்கள் பர்மாவின் பெகு, தெனாசரிம் கரைகளுக்குச் சென்றுவந்தன. ஆயினும் நாகூர், தஞ்சை வட்டாரத்தின் புகழ்பெற்ற ஆயுதத் தொகுப்பு தஞ்சை மராட்டியர் அரண்மனையுடையதே. அதில் எஞ்சியவற்றுள் ஒரு பகுதி சென்னை அரசு அருங்காட்சியகத்தில் உள்ளது. அங்குள்ள கட்டாரிகளின் அழகு எஃகைச் செதுக்கியதில் இருக்கிறது. பர்மிய வாளின் அழகு பெரும்பாலும் மேற்போர்வையில்.

ஒப்பிடுவோர் அலகையும் உறையையும் தனித்தனியே மதிப்பிட வேண்டும். பழைய அலகுக்குப் புதிய வெள்ளி உறை போடுவது சாதாரணம். காலனிய காலத்தில் வெள்ளையருக்கென்றே செய்த நினைவுப்பொருள் வாள்களும் ஏராளம். அவற்றில் வெள்ளி பளபளக்கும், அலகு மட்டமாக இருக்கும். வெள்ளியை அழுத்தித் துலக்கினால் புடைப்பின் நுணுக்கம் தேய்ந்து மதிப்பும் போய்விடும்.

நூறாண்டு கடந்த கலைப்பொருள்களைத் தனியார் ஏற்றுமதி செய்வதை இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடைசெய்கிறது.