'சைக்கோ' திரைப்பட இசை

ஆல்ஃப்ரெட் ஹிட்ச்காக் இயக்கிய 'சைக்கோ' (1960) படத்துக்கு அமெரிக்க இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் அமைத்த பின்னணி இசை, உளவியல் த்ரில்லர்களின் ஒலியையே மாற்றியது. வயலின், வியோலா, செல்லோ, டபுள் பாஸ், அவ்வளவுதான். ஊதுகருவியும் இல்லை, தாளக்கருவியும் இல்லை.

அதற்குமுன் மனப்பிறழ்வுக்கு ஒரு வாடிக்கையான ஒலி இருந்தது. ஹிட்ச்காக்கின் 'ஸ்பெல்பவுண்ட்' (1945) படத்தில் மிக்லோஸ் ரோசா, தெரமின் எனும் மின்னணுக் கருவியை ஊளையிட வைத்து ஆஸ்கரும் வாங்கினார். ஹெர்மன் அந்தப் பக்கமே போகவில்லை. கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கறுப்பு வெள்ளை ஒலி போதும் என்பது அவர் சொன்ன காரணம். சிக்கனமாக எடுக்கப்பட்ட படம் என்பதும் உடன் சேர்ந்துகொண்டது. 1936-ல் தாமே எழுதிய 'சின்ஃபோனியெட்டா' எனும் இசைப்படைப்பிலிருந்தும் சில பகுதிகளை எடுத்தாண்டார்.

குளியலறைக் கொலைக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் சொல்லியிருந்தார். ஹெர்மன் கேட்கவில்லை, எழுதினார். போட்டுக் காட்டியதும் இயக்குநர் மனம் மாறினார். படம் நெடுக வயலின்களின் குதிரையில் மியூட் மாட்டி நாதத்தை மங்கவைத்தவர், இந்தக் காட்சிக்கு மட்டும் அதைக் கழற்றச் சொன்னார். உச்ச ஸ்தாயியில் வயலின்கள் கிறீச்சிட, கீழ் ஸ்தாயிக் கருவிகள் ஒவ்வொன்றாக அபசுரத்தோடு வந்து மோதுகின்றன. கதாநாயகி மேரியன் சரிந்ததும் செல்லோவும் பாஸும் கனத்து, நின்று நின்று ஒலிக்கின்றன.

எல்லோரும் பேசுவது இந்த வயலின்களைத்தான். ஆனால் ஹெர்மனின் கைவண்ணம் அதற்கு வெகு முன்பே தெரிந்துவிடுகிறது. 40,000 டாலரைத் திருடிய மேரியன் மழையில் கார் ஓட்டுகிறாள். திரையில் ஸ்டியரிங், கண்ணாடியைத் துடைக்கும் வைப்பர், அவள் முகம், வேறொன்றுமில்லை. டைட்டிலில் கேட்ட அதே படபடப்பு இசை திரும்ப வருகிறது. ஒலியை அணைத்துவிட்டுப் பார்த்தால் அது வெறும் கார் பயணம்.

படத்துக்கு நான்கு ஆஸ்கர் பரிந்துரைகள் கிடைத்தன; இசைக்கு ஒன்றுமில்லை! 'டோர்ன் கர்ட்டன்' (1966) படத்துக்கு ஹெர்மன் எழுதியதை ஹிட்ச்காக் நிராகரிக்க, இருவரின் கூட்டணி முறிந்தது.

தமிழில், 'சைக்கோ'வின் தாக்கத்தில் பாலு மகேந்திரா எடுத்த 'மூடுபனி' (1980), இளையராஜாவின் நூறாவது படம். 2020-ல் மிஷ்கின் அதே 'சைக்கோ' எனும் பெயரில் எடுத்த தொடர்கொலைக் கதைக்கும் இளையராஜாவே இசையமைத்தார்.