விரியும் வானமும் காலத்தின் தொடக்கமும்

அத்தாரியாத் அத்தியாயத்தின் 47ஆம் வசனம் நமது மேடைகளில் அடிக்கடி ஓதப்படுகிறது. வானத்தின் படைப்பைப் பற்றிப் பேசும் அவ்வசனத்தின் கடைசிச் சொல்லான ‘மூஸிஊன்’ என்பதற்கு ‘விரிவாக்குபவர்கள்’ என்று பொருள் சொல்வார்கள். அமெரிக்க வானியலாளர் ஹபிள் 1929இல் கண்டதை அல்குர்ஆன் 1400 வருடங்களுக்கு முன்பே சொல்லிவிட்டது என்று பயான் முடியும். சபையும் சுப்ஹானல்லாஹ் சொல்லும். சிக்கல் அதற்குப் பிறகுதான். உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் பிள்ளை ஒன்று பள்ளிவாசல் முற்றத்தில் நின்று கேட்கும்: “விரியுது எண்டா முந்தி சின்னதா இருந்திருக்கும். அதுக்கும் முந்தி என்ன? அப்ப அல்லாஹ் எவ்வளவு காலம் ஒண்டும் படைக்காம இருந்தான்?” “அதெல்லாம் கேக்கக் கூடாது மகன்” என்று அனுப்பிவிடுகிறோம். அனுப்பியிருக்கத் தேவையில்லை. இந்தக் கேள்வி நமது கிதாபுகளில் 900 வருடங்களுக்கும் மேலாகக் கிடக்கிறது.

பக்தாதின் நிழாமிய்யா மத்ரஸாவில் ஆசிரியராக இருந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 488இல், அதாவது கி.பி. 1095இல், ‘தஹாபுதுல் பலாஸிபா’வை எழுதி முடித்தார்கள். அதிலுள்ள 20 விவாதங்களில் முதலாவது, உலகம் அநாதியானதா என்பது. இப்னு ஸீனா போன்ற தத்துவவாதிகளின் வாதம் லேசானதல்ல. உலகத்துக்கு முன் இறைவன் இருந்தான் என்றால், அந்த ‘முன்’ என்பதே காலம்தானே? அப்படியானால் காலம் தொடங்குவதற்கு முன்பும் காலம் இருந்ததாகிவிடும். ஆகவே காலத்துக்குத் தொடக்கமில்லை என்றார்கள்.

இமாமின் பதில், காலமும் படைக்கப்பட்டது, அதற்கு முன் காலம் இல்லை என்பது. இறைவன் முந்தியவன் என்பதன் பொருள் அவன் மட்டும் இருந்தான், உலகம் இருக்கவில்லை என்பதே. மூன்றாவது ஒரு பொருளாகக் காலத்தை அங்கே கொண்டுபோய் வைப்பது நமது கற்பனையின் வேலை. தமிழிலும் பாருங்கள், ‘இருந்தான்’ என்று சொன்ன உடனேயே இறந்தகாலம் வந்து ஒட்டிக்கொள்கிறது. வேறு சொல் நம்மிடம் இல்லை. கஸ்ஸாலி தரும் உவமை இன்னும் தெளிவானது. உலகின் எல்லைக்கு வெளியே வெற்றிடமும் இல்லை, நிரம்பிய இடமும் இல்லை என்று தத்துவவாதிகளே ஒப்புக்கொள்கிறார்கள். அப்படியிருந்தும் மனம் ‘அதுக்கு அங்கால என்ன’ என்று கேட்கத்தான் செய்கிறது. இடத்தில் அதைப் பிரமை என்று தள்ளுகிறவர்கள், காலத்தில் மட்டும் ஏன் உண்மை என்று பிடித்துக்கொள்கிறார்கள்?

சுமார் 85 வருடங்களுக்குப் பிறகு மறுப்பெழுதிய இப்னு ருஷ்து சரியாக இந்த உவமையில்தான் கைவைத்தார். இடத்தின் பகுதிகள் ஒன்றாக இருப்பவை; காலத்தின் பகுதிகள் அப்படியல்ல; இரண்டையும் ஒப்பிடுவது பிழை என்றார். நல்ல ஆட்சேபம்தான். ஐன்ஸ்டீனின் பொதுச் சார்புக் கொள்கை 1915இல் இடத்தையும் காலத்தையும் ஒரே கணக்கில் சேர்த்தது உண்மை. ஆனால், கஸ்ஸாலி ஐன்ஸ்டீனை முந்திவிட்டார் என்று எழுத எனக்கு விருப்பமில்லை. அவர் தூரமும் அளக்கவில்லை, வேகமும் அளக்கவில்லை. ஒரு கேள்வி எங்கே வழி தவறுகிறது என்று காட்டினார். அதுவே பெரிய வேலை.

அளந்தவர்களின் கதை வேறு. 1922இல் ரஷ்யக் கணிதர் பிரீட்மன், ஐன்ஸ்டீனின் சமன்பாடுகளிலிருந்தே பிரபஞ்சம் விரியவும் சுருங்கவும் முடியும் என்று காட்டினார். கணக்குப் பிழை என்று முதலில் எழுதிய ஐன்ஸ்டீன் அடுத்த வருடம் அதை வாபஸ் வாங்கினார். பிரீட்மன் 1925இல் இளம் வயதிலேயே காலமானார். 1927இல் பெல்ஜியத்தின் லெமெய்த்ர், கலக்ஸிகள் விலகிச் செல்லும் வேகத்தையும் தூரத்தையும் இணைத்து விரிவின் வீதத்தைக் கணித்தார். இவர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். ஹபிளின் கட்டுரை அதற்கு இரண்டு வருடம் பிந்தியது. மேடைகளில் லெமெய்த்ரின் பெயர் ஏனோ வருவதில்லை.

விரிவின் வீதம் தெரிந்தால் படத்தைப் பின்னோக்கி ஓட்டலாம். இவ்வளவு தூரம் விலக எவ்வளவு காலம் எடுத்திருக்கும் என்ற கணக்குத்தான் பிரபஞ்சத்தின் வயது. வீதம் கூடினால் வயது குறையும். ஒரு மெகாபார்செக், அதாவது ஏறத்தாழ 32 லட்சத்து 60 ஆயிரம் ஒளியாண்டு தூரத்துக்கு செக்கனுக்கு 500 கிலோமீற்றர் என்பது ஹபிளின் எண். அதிலிருந்து கிடைத்த வயது சுமார் 2 பில்லியன் வருடம். மறுபக்கம், யுரேனியத்தின் சிதைவை வைத்துக் கணித்த புவியியலாளர்கள் 1940களில் பூமிக்கே 3 பில்லியன் வருடம் என்றார்கள். வாப்பாவை விட மகன் மூத்தவனாக இருக்க முடியுமா? பிரபஞ்சத்துக்குத் தொடக்கமே இல்லை என்ற கொள்கையை 1948இல் ஹொய்ல் முதலானோர் முன்வைத்தபோது, இந்த முரண்பாடும் அவர்களுக்குக் கைகொடுத்தது.

அந்த நேரத்தில்தான், 1951 நவம்பரில், பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் தமது விஞ்ஞானக் கழகத்தில் உரையாற்றினார். விரியும் பிரபஞ்சம் படைப்புக்குச் சாட்சியாகிறது என்ற தொனி அதில் இருந்தது. நமது பயான்களைப் போலத்தான். இதில் மகிழ்ந்திருக்க வேண்டியவர் லெமெய்த்ர், அவரோ சங்கடப்பட்டார். தமது கொள்கை சமயத்துக்கு ஆதரவுமல்ல, எதிர்ப்புமல்ல என்பது அவரது நிலைப்பாடு. 1952 செப்டம்பரில் உலக வானியலாளர்கள் ரோமில் கூடியபோது பாப்பரசர் மீண்டும் பேசினார். அந்தப் பேச்சை அவர் திரும்பவும் எடுக்கவில்லை. அதே ரோம் கூட்டத்தில்தான் வால்டர் பாடே எழுந்து, செபீட் நட்சத்திரங்கள் இரண்டு வகை, ஒன்றை மற்றதாக எண்ணி அளந்துவிட்டோம், கலக்ஸிகளின் தூரங்களை இரட்டிப்பாக்க வேண்டும் என்றார். ஒரு கூட்டத்தில் பிரபஞ்சத்தின் வயது இரண்டு மடங்காகியது. முந்திய வருடம் அந்த எண்ணின் மேல் வேதத்தைக் கட்டியிருந்தவர்களின் நிலை என்னவாகியிருக்கும்!

லெமெய்த்ரின் பயபக்தியில் குறை இருக்கவில்லை. 1931இல் ‘நேச்சர்’ சஞ்சிகைக்கு எழுதிய ஒரு பக்கக் கடிதத்தில், ஆரம்பத்தில் எல்லாம் ஒரே குவாண்டமாக இருந்திருந்தால் இடம், காலம் என்ற சொற்களுக்கே அங்கே பொருளிராது, அது பிளந்து பெருகிய பிறகே அவை பொருள்பெறும் என்றார். கஸ்ஸாலியின் முதலாவது விவாதத்தை வாசித்தவருக்கு இது பழகிய குரலாகக் கேட்கும். அந்தக் கடிதத்தின் தட்டச்சுப் பிரதியில், மறைந்திருக்கும் இறைவனைப் பற்றிய ஒரு பந்தி கடைசியில் இருந்தது. அனுப்புமுன் அவரே அதை வெட்டிவிட்டார்.

நமது வசனத்துக்கு வருவோம். தபரீ அச்சொல்லை ஆற்றலும் வசதியும் உடையவன் என்ற கருத்தில் விளக்குகிறார். ஸமக்ஷரீயிடம் அது வல்லமை. இப்னு கஸீர் வானத்தின் ஓரங்களை விசாலமாக்கியதைச் சொல்கிறார். 1930இல் வெளியான பிக்தாலின் ஆங்கில மொழிபெயர்ப்பில் இருப்பது விசாலம். 1980இல் முஹம்மத் அஸதின் மொழிபெயர்ப்பில் அது தொடர்ந்து விரிவதாகிவிட்டது. அரபு மொழி அதற்கு இடம்தருகிறது, மறுக்கவில்லை. ஆனால் முன்னைய முபஸ்ஸிர்கள் விளங்காமல் விட்டதை ஹபிள் வந்து விளக்கினார் என்று சொல்லும்போது, நாம் யாரைச் சாட்சியாக்குகிறோம், யாரைத் தராசாக்குகிறோம் என்று கொஞ்சம் யோசிக்க வேண்டாமா?

தராசு இன்றும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. விரிவு காலத்தையே இழுக்கிறது என்பதில் சந்தேகமில்லை. பிரபஞ்சம் இன்றைய அளவில் பாதியாக இருந்தபோது வெடித்த நட்சத்திரம் 20 நாளில் மங்கியிருந்தால், நமக்கு அது மங்க 40 நாள் எடுக்கிறது. 1990களிலிருந்து இந்த நீட்சியை அளந்து வருகிறார்கள். விரிவின் வீதத்தில்தான் தகராறு. ஆதி வெப்பத்தின் எச்சக் கதிர்வீச்சை வைத்துக் கணித்தால் 67. அதிலிருந்து வருவதே 13.8 பில்லியன் வருடம் என்ற வயது. செபீட்களையும் வெடிக்கும் நட்சத்திரங்களையும் வைத்து அளந்தால் 73. அளவீட்டில் பிழையா, கொள்கையில் ஏதும் விடுபட்டிருக்கிறதா என்று இன்னும் தீரவில்லை.